பொடி போட்ட பாத்தி

சிதம்பரம்
09.06.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இளவரசி எழுதுவது. ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடும் வேலை தவிர எனக்கு வேறு கஷ்டம் இல்லை. நீங்களும் வெண்மதி அக்காவும் எப்படி இருக்கிறீர்கள்? காதுக்கு வாங்கிய மிஷினை மாட்டுகிறீர்களா, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்களா? போன வாரம் போனில் நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. அதனால் மறுபடியும் கடிதம்தான்.

ஆகஸ்டு எட்டாம் தேதி எங்கள் ஆய்வு மையத்தில் பன்னாட்டு மாநாடு. 'உயிரித் தொழில்நுட்பமும் நீடித்த வேளாண்மையும்' என்று தலைப்பு. ஜப்பானிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் விஞ்ஞானிகள் வருகிறார்கள். அதில் என் கட்டுரையும் இருக்கிறது. கிள்ளைச் சதுப்புக் காட்டுச் சேற்றிலிருந்து எடுத்த நுண்ணுயிரியைப் பொடியாக்கி, நாற்று வேரை அதில் நனைத்து, போன சம்பாவில் உங்கள் உப்பு நிலத்தில் நட்டோமே, அதுதான். பொடி போட்ட பாத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு குத்து பிழைத்தது. போடாத பாத்தியில் பாதிகூட நிற்கவில்லை. எனக்கு டாக்டர் பட்டம் வரப்போவதே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நிலம் கொடுத்த விவசாயி மேடையில் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று என் கைடு சார்லஸ் சார் சொல்லிவிட்டார். அந்த விவசாயி நீங்கள்தான். பேசுவதை முன்கூட்டியே எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்வேன். முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், மாமா.

அக்காவின் முட்டிவலிக்குத் தைலம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
கொழுந்தியா இளவரசி


கடலூர் முதுநகர்
16.06.2025

டாக்டர் ஆகப்போகும் இளவரசிக்கு,

கதிர்வேல் மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். மிஷினை மாட்டினால் உன் அக்கா திட்டுவது நன்றாகக் கேட்கிறது. அதனால் விசேஷ நாட்களில் மட்டும் மாட்டுகிறேன்.

மேடையில் பேச நான் தயார். கல்யாணத்து மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பரபரப்பு இருக்காது. நேற்று திருப்பாதிரிப்புலியூர் போய் வெள்ளைச் சட்டை எடுத்து வந்தோம். ஊரில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. வாய்க்கால் முகத்தில் நிலம் வைத்திருக்கும் உத்திராபதியை உனக்குத் தெரியுமே. அவன் நிலத்தை இறால் பண்ணைக்காரர்கள் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "நானும் வர்றேன்டா சிதம்பரத்துக்கு. அந்தப் பொடி என்னான்னு பார்த்துட்டு அப்புறம் அவுங்களுக்குப் பதில் சொல்றேன்" என்றான்.

என் பேச்சு இதுதான். தப்பு இருந்தால் திருத்து.

'பெரியோர்களே, உப்பனாற்றுத் தண்ணீர் ஏறி ஏறி எங்கள் நிலம் வெளுத்துக் கிடந்தது. என் கொழுந்தியா இளவரசி பொடி கொண்டுவந்தாள். அதில் நாற்றை நனைத்து நட்டோம். நட்ட பத்தாம் நாள் நாற்று செத்து அங்கங்கே சொட்டை விழுந்தது. நானும் என் மனைவி வெண்மதியும் ஒரு சொட்டை விடாமல் புது நாற்று ஊன்றினோம். பிறகு நல்ல மழை பிடித்தது. பயிர் கருகருவென்று கிளம்பியது. எல்லாம் அந்தப் பொடியின் மகிமை. நன்றி.'

உன் அக்கா இதை நாலு தரம் படிக்கச் சொல்லிவிட்டாள். அவள் பேர் வருகிறதல்லவா. உடம்பைப் பார்த்துக்கொள்.
கதிர்வேல்


சிதம்பரம்
07.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது. மன்னியுங்கள். மாநாட்டு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அக்காவுக்குத் தைலம் வந்து சேர்ந்ததா?

பேச்சு நன்றாக இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும். சொட்டை விழுந்த இடத்தில் நாற்று ஊன்றியதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பாத்தியில்? எல்லாப் பாத்தியிலுமா, பொடி போட்டதில் மட்டுமா? நிறைய ஊன்றினீர்களா? முதலில் நட்ட நாற்று எத்தனை பிழைத்தது என்பதுதான் என் கணக்கு. பிறகு ஊன்றியது அதில் சேராது. அதற்காகத்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் எழுதுங்கள். மறந்துவிடாதீர்கள்.

இளவரசி


கடலூர் முதுநகர்
11.07.2025

அன்புள்ள இளவரசிக்கு,

இங்கே எல்லாரும் நலம். தைலம் வந்தது, முட்டிவலிக்கு நன்றாகக் கேட்கிறது. உன் கடிதத்தில் கேலி ஒன்றையும் காணோமே. உடம்புக்கு முடியவில்லையா?

நீ கேட்டதற்குப் பதில். பொடி போட்ட பாத்தியில் மட்டும்தான் ஊன்றினோம். நட்டுவிட்டுப் போகும்போது நீ என்ன சொன்னாய்? "மாமா, பொடி போடாத பாத்தியை மட்டும் தொடாதீங்க, அது காஞ்சாலும் அழுகினாலும் அப்படியே கெடக்கட்டும்" என்றாய். அப்படியே விட்டோம். அதில் ஒரு கால் வைத்திருப்போமா? பொடி போட்டதைத் தொடாதே என்று நீ சொல்லவில்லை. அதில் உன் பேர் எழுதிய பலகை வேறு நிற்கிறது. வரப்பில் போகிறவன் வருகிறவனெல்லாம் படிக்கிறான். வயலில் சொட்டை கிடந்தால் வீட்டுக்காரன் சோம்பேறி என்பார்கள், அது எனக்குப் பரவாயில்லை. உன் பேரை எவனாவது இளப்பமாகப் பேசினால் எனக்குச் சோறு இறங்குமா?

எவ்வளவு என்று கேட்டால், பாதிக்கு மேலேயே போயிருந்தது. மேட்டு நாற்றங்காலில் மிஞ்சிய முற்றின நாற்றைப் பிடுங்கி வந்து, பொடியில் நனைக்காமலே நானும் உன் அக்காவும் இரண்டு நாள் குனிந்து ஊன்றினோம். நல்ல வேளை, மறு வாரமே மழை கொட்டி உப்பை அடித்துக்கொண்டு போய்விட்டது. எல்லாம் வேர் பிடித்துக்கொண்டது. முப்பதாம் நாள் நீ வந்து எண்ணியபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த ஒன்றுக்கே எங்கள் இடுப்புவலி தீர்ந்தது.

கணக்கெல்லாம் உன் பாடு. எனக்கு அதில் என்ன தெரியும்?
கதிர்வேல்


சிதம்பரம்
24.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை. அங்கே வெயில் எப்படி?

உங்கள் பேச்சைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். சொட்டை விழுந்தது, ஊன்றியது என்ற இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன். நேரம் போதாது, இங்கிலீஷில் சொல்லவும் நீளமாகிறது. அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். இதை மட்டும் படியுங்கள், சேர்த்துப் பேச வேண்டாம். யாராவது தனியாகக் கேட்டாலும் பொடியைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை, மாமா. நான்தான் சரியாகச் சொல்லவில்லை.

ஒரு விஷயம் கேட்கலாமென்று சார்லஸ் சார் அறைக்குப் போனேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. "அப்புறம் வாம்மா" என்றார். அப்புறம் நான் போகவில்லை.

எட்டாம் தேதி காலை ஒன்பதுக்குள் வந்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் கார்த்திகேசன் என்று எங்கள் லேபில் வேலை பார்ப்பவர் காத்திருப்பார். மிஷினை மாட்டிக்கொண்டு வாருங்கள்.

இளவரசி


கடலூர் முதுநகர்
12.08.2025

அன்புள்ள இளவரசிக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். உன் அக்கா இன்னும் தரையில் நடக்கவில்லை. உனக்கு ஜப்பான்காரர் குனிந்து கும்பிடு போட்டதை மீன்காரம்மாவிடம்கூட நடித்துக் காட்டுகிறாள்.

நான் பேசி முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். மைக் பக்கத்தில் மிஷின் இரைந்ததால் கழற்றி வைத்திருந்தேன். எனக்குச் சத்தம் கேட்கவில்லை, கைகள் ஆடுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீ மட்டும் ஏன் தலையைக் குனிந்துகொண்டே நின்றாய்? முகம் வெளுத்திருந்தது. மூன்று வேளை சாப்பிடுகிறாயா, இல்லையா?

சார்லஸ் சார் மேடையிலேயே விவசாயிகளுக்குப் பொடி மூட்டை கொடுத்தார் அல்லவா? உத்திராபதி முதல் ஆளாகப் போய் வாங்கினான். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே இறாலும் வேணாம், ஒண்ணும் வேணாம். நம்ம மண்ணுல நெல்லுதான்" என்றான். மறுநாளே பண்ணைக்காரர்களிடம் குத்தகை இல்லை என்று சொல்லிவிட்டான். அவன் நிலம் முழுக்க நடப்போகிறான். அவனைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர் கிளம்பியிருக்கிறார்கள். எல்லாம் உன்னால்.

கோயிலுக்குப் போனால் உன் பேருக்கு அர்ச்சனை செய்கிறோம்.
கதிர்வேல்


சிதம்பரம்
25.08.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஊர் முழுக்கச் சந்தோஷமாக இருப்பது தெரிகிறது.

உத்திராபதி அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். நிலம் முழுக்க வேண்டாம். ஒரு ஓரத்தில் ஒரு பாத்தி மட்டும் நட்டுப் பார்க்கட்டும். நிலத்துக்கு நிலம் உப்பு வித்தியாசப்படும். மழையும் போன வருஷம் மாதிரி வரும் என்று சொல்ல முடியாது. பண்ணைக்காரர்களிடமும் ஒரேயடியாக முடியாது என்று சொல்லாமல் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பொடியும் இருப்பு குறைவாகத்தான் இருக்கிறது, எல்லாருக்கும் கிடைக்காது.

நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நீங்களே சொல்வதுபோல் சொல்லுங்கள்.

சாப்பிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.
இளவரசி


கடலூர் முதுநகர்
29.08.2025

அன்புள்ள இளவரசிக்கு,

உன் கடிதம் எனக்குப் புரியவில்லை. இரண்டு தரம் படித்தேன். உன் அக்காவிடமும் கொடுத்தேன்.

எல்லாரும் நாற்றங்கால் விட்டாகிவிட்டது. பொடி குறைவு என்கிறாய். கார்த்திகேசன் தம்பி முந்தாநாள் வண்டியில் கொண்டுவந்து, வேண்டும் என்றவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனார். எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கலப்பது என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். நடவன்று நான்தான் இங்கே எல்லாருக்கும் கலந்து கொடுக்கப் போகிறேன். உன் வாக்கை உத்திராபதியிடம் என் வாக்காகச் சொன்னேன். அவன் சிரித்தான். "ஏன்டா, உன் வயல்ல மட்டும் வெளைஞ்சாப் போதுமா? நாங்க வெளைய வெச்சா கசக்குதா?" என்றான். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் என்னை அப்படிப் பேசியதில்லை.

எனக்கும் வருத்தம்தான், மறைக்கவில்லை. நம் ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறாயா? அப்படி இல்லையென்றால் வேறு ஏதோ இருக்கிறது. எதுவானாலும் மாமாவிடம் சொல்லலாம். நடவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
கதிர்வேல்


சிதம்பரம்
22.09.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலைந்து முறை எழுத உட்கார்ந்தேன். தீசிஸ் அச்சுக்குத் தயாராகிறது. நடுவில் வியட்நாம் பேராசிரியர் ஒருவரைக் கிள்ளைக்கு அழைத்துக்கொண்டு போனோம். படகில் போகும்போது என் கட்டுரையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவர்கள் நாட்டிலும் கழிமுகத்து நிலமெல்லாம் உப்பாகிறதாம். இந்தப் பொடியை அங்கேயும் போட்டுப் பார்க்கப் போகிறாராம். எனக்குத் தலை சுற்றியது. படகு ஆடியதால் என்று சொல்லிவிட்டேன்.

நடவு முடிந்திருக்கும். அங்கே மழை உண்டா? இங்கே ஒரு தூறல்கூட இல்லை. தினமும் எழுந்ததும் வானத்தைத்தான் பார்க்கிறேன்.

உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது நேரில் சொல்கிறேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
இளவரசி


கடலூர் முதுநகர்
06.10.2025

அன்புள்ள இளவரசிக்கு,

நலம். மழை இல்லை. பயிர் சுமார்தான். விவசாயம் என்றால் ஏறும், இறங்கும். நீ அதை மனசில் போட்டுக்கொள்ளாதே.

தீபாவளிக்கு இந்த வருஷம் நீ அலைய வேண்டாம். தீசிஸை முடி, பட்டத்தை வாங்கு. பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம். புடவையைக் கார்த்திகேசன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். பச்சை நிறம், உன் அக்கா எடுத்தது.

நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை, அம்மா. அப்படியே விட்டுவிடு. நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.
கதிர்வேல்


கடலூர் முதுநகர்
11.10.2025

இளவரசிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். போனில் பேசினால் அழுதுவிடுவேன், பேச வேண்டியதைப் பேசமாட்டேன். உன் மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நட்டதெல்லாம் போய்விட்டது. பத்தாம் நாளே சொட்டை விழ ஆரம்பித்தது. ஊன்றினோம், அதுவும் கருகியது. மறுபடி ஊன்றினோம், அதுவும் போயிற்று. உத்திராபதி அண்ணன் நிலத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் பண்ணைக்காரர்களிடம் போய்க் கேட்டாராம். அவர்கள் வேறு நிலம் பிடித்துவிட்டார்கள். அவர் பெண்டாட்டி நம் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

உன் மாமா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "போன வருசமும் இப்பிடித்தான் செத்துச்சு வெண்மதி. நாம ஊன்றினதுதான் நின்னுச்சு. மழைதான் காப்பாத்துச்சு. பொடி இல்ல" என்றார். "அவளுக்குத் தெரியுமாங்க?" என்றேன். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லாரையும் கூட்டி வைத்து, தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். "பொடி நல்ல பொடிதான். கலக்குற அளவை அந்தத் தம்பி சொன்னாரு, நான் சரியாக் காதுல வாங்கல. என்னாலதான் எல்லாம் கெட்டுது" என்றார். ஊர் நம்பிவிட்டது. செவிடன் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். உத்திராபதி அண்ணன் எல்லார் முன்னாலும் அவர் சட்டையைப் பிடித்தார். மேடைக்கென்று எடுத்த வெள்ளைச் சட்டை. இவர் கையைக்கூடத் தூக்கவில்லை. அன்றிலிருந்து வெளியே போவதில்லை. மிஷினையும் கழற்றிவிட்டார். கேட்காமல் இருப்பதே நல்லது என்கிறார்.

ஜூலையிலேயே நீ கேட்டு எழுதினாய். அவரும் பதில் எழுதினார். அப்போதே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? என் பேர் இருந்த வரியை எடுத்தது நேரத்துக்காக இல்லை. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பட்டம் போயிருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் இந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருப்பார்.

நீ என் தங்கச்சி, உன்னை வெறுக்க என்னால் முடியாது. ஆனால் உன்மேல் எனக்குத் தாங்க முடியாத கோபம். அவர் உன்னைக் காப்பாற்றியது போதும் என்று நீ இருந்துவிட்டால், இருந்துகொள். அப்படியானால் பொங்கலுக்கும் வராதே.
வெண்மதி


சிதம்பரம்
15.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அக்கா எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள்.

எனக்கு ஜூலையில் தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே தெரியும். மாநாடு முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும், தீசிஸ் முடியட்டும் என்று நினைத்தேன். மழை வந்தால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். மழையை எதற்காக வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நடவுக்கு இரண்டு வாரம் இருக்கிறது என்று நீங்கள் எழுதிக் கேட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயம், மாமா. ஐந்து வருஷ உழைப்பு போய்விடும் என்று பயம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

நேற்று சார்லஸ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "இப்பவே வெளியில சொல்லணுமாம்மா? இன்னொரு சீசன் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே" என்றார். "போட்டுப் பார்த்தாச்சு சார், உத்திராபதி அண்ணன் நிலத்துல" என்றேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். வியட்நாம் பேராசிரியருக்கும் எழுதிவிட்டேன். தீசிஸ் இனி என்ன ஆகும் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நேராக உத்திராபதி அண்ணன் வீட்டுக்குத்தான் போவேன். நீங்கள் அங்கே வரக்கூடாது. வந்தால் 'சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சுட்டா' என்று முன்னால் வந்து நிற்பீர்கள். அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் உங்களை விடமாட்டாள்.

அவர் நிலத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி பேசமாட்டேன். அளவில் நீங்கள் தப்பு செய்யவில்லை, பொடியில் ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரிந்தே இருந்தது என்று மட்டும் சொல்வேன். திட்டட்டும். அவர் பெண்டாட்டி என்மேல் மண்ணை வாரிப் போடட்டும். பிறகு டீக்கடைக்குப் போய் அங்கே இருப்பவர்களிடமும் சொல்வேன்.

அதுவரை நீங்கள் வீட்டிலேயே இருங்கள். உத்திராபதி அண்ணன் தானாக வந்து உங்களைக் கூப்பிட்டால் கதவைத் திறங்கள். அவர் வராவிட்டால் நானும் நம் வீட்டு வாசலுக்கு வரமாட்டேன், அப்படியே சிதம்பரம் பஸ் ஏறிவிடுகிறேன்.

இளவரசி